டைனோ சீட்டில் வரும் குதிரைகள்

ராசாவிலோ சிரம்பான் டவுனிலோ இரவு பத்து மணிக்கு மேல் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்தால், பக்கத்து மேசையில் கார் பேச்சு இல்லாமல் இருக்காது. சத்ரியா ஜிடிஐயை இன்னும் விற்க மனம் வராத ஒருவர், வீராவில் ஜப்பானிலிருந்து வந்த பழைய ஹாஃப்-கட் இஞ்சின் இறக்கிய ஒருவர், மைவிக்கு எக்ஸாஸ்ட் மாற்றிய தம்பி ஒருவர். "அண்ணே, டைனோவுல எவ்வளவு வந்துச்சு?" என்று யாராவது கேட்டால் போதும். கைப்பேசி வெளியே வரும். அதில் மலை ஏறுவது போல ஒரு கோடு, அதன் உச்சியில் ஓர் எண். பிறகு மணி ஒன்றாகும்வரை அந்த எண்ணைப் பற்றித்தான் சண்டை.

டைனோ என்பது காரின் சக்தியை அளக்கும் இயந்திரம். அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொண்டால் சண்டையில் பாதி குறைந்துவிடும்.

முதலில் விளம்பரத் தாளில் இருக்கும் எண். கார் நிறுவனம் சொல்லும் குதிரைத்திறன், இஞ்சினைத் தனியே ஒரு மேடையில் பூட்டி, அதன் கிராங்க் தண்டிலேயே அளந்தது. கியர்பாக்ஸ் இல்லை, டயர் இல்லை. வெப்பம், காற்றழுத்தம் எல்லாம் ஒரு தரத்துக்குக் கணக்கிடப்பட்டிருக்கும். அமெரிக்காவில் 1972க்கு முன்பு ஆல்டர்னேட்டர், ஏர் ஃபில்டர், முழு எக்ஸாஸ்ட் எதுவும் மாட்டாமலே அளந்து விளம்பரம் செய்தார்கள். அதனால்தான் பழைய அமெரிக்கக் கார்களின் எண்களைப் பார்த்தால் மயக்கம் வருகிறது. 1972இல் எல்லாப் பாகங்களும் மாட்டிய நிலையில் அளக்கும் முறைக்கு மாறியதும், அதே இஞ்சின்களின் எண்கள் காகிதத்தில் சரிந்தன.

ஜப்பானில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்குள்ள நிறுவனங்கள் 280 பிஎஸ் குதிரைத்திறனுக்கு மேல் விளம்பரம் செய்வதில்லை என்று தங்களுக்குள் பேசிவைத்திருந்தன. இவோ, ஸ்கைலைன் ஜிடிஆர் எல்லாம் தாளில் 280 பிஎஸ்தான். உண்மையில் அதற்கு மேல் தந்த கார்கள் அவற்றில் உண்டு. 2004இல் ஹோண்டா லெஜண்ட் 300 பிஎஸ் என்று வெளிப்படையாகச் சொன்னபோது அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. ஆக, தாள் எண் கூடுதலாகவும் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம். ஒரே கார் நாட்டுக்கு நாடு மாறவும் செய்யும். எஃப்எல்5 சிவிக் டைப் ஆர் ஜப்பானில் 330 பிஎஸ், மலேசியாவில் 319 பிஎஸ். யூடியூபில் ஜப்பான் காரின் டைனோவைப் பார்த்துவிட்டு, நம்மூர்க் காரில் ஏதோ களவு போய்விட்டது என்று புலம்புவதில் பயனில்லை.

இஞ்சினிலிருந்து புறப்படும் சக்தி முழுவதும் சாலைக்கு வந்து சேர்வதில்லை. தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். வாளியில் கொண்டுவந்த பாலின் எடை ஒன்று, அதில் தண்ணீரைக் கழித்தபின் தேறும் உலர்ந்த ரப்பர் வேறொன்று. கூலி இரண்டாவதை வைத்துத்தான். காரிலும் கியர்கள், டிஃபரன்ஷியல், பேரிங்குகள், டயர் நெளிவு என்று வழியெங்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பமாகக் கழிகிறது. முன்சக்கரம் இழுக்கும் மேனுவல் காரில் பத்திலிருந்து பதினைந்து விழுக்காடு போகும் என்பது பட்டறைகளில் புழங்கும் கணக்கு. நான்கு சக்கர இழுவை, ஆட்டோ கியர் என்றால் இன்னும் கூடும். 140 பிஎஸ் சத்ரியா ஜிடிஐ சக்கரத்தில் 120ஐ ஒட்டிக் காட்டினால் அது ஆரோக்கியமான கார்.

இப்போது பட்டறைக்குள் போவோம். தரையில் குழி வெட்டி இரண்டு பெரிய எஃகு உருளைகள் பதித்திருப்பார்கள். இழுக்கும் சக்கரங்கள் அவற்றின் மேல் ஏறி நிற்கும். மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை. காரை நாலு பக்கமும் ராட்செட் பட்டையால் தரையோடு இழுத்துக் கட்டுவார்கள். முன்னால் ஆளுயர ஃபேன், பின்னால் எக்ஸாஸ்ட் குழாய்க்குள் காற்று–எரிபொருள் விகிதம் பார்க்கும் சென்சார். போர்மேன் உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு கியராக ஏற்றி நான்காவதில் நிறுத்துகிறார். 2,000 சுற்றிலிருந்து பெடலைத் தரையோடு அழுத்துகிறார். கார் இருந்த இடத்திலேயே நின்று அலறுகிறது. பட்டைகள் விறைக்கின்றன. சில விநாடிகளில் இஞ்சின் தன் எல்லையைத் தொட்டதும் காலை எடுக்கிறார். திரையில் கோடு வந்து நிற்கிறது.

நான்காவது கியர் ஏன்? பெரும்பாலான மேனுவல் கார்களில் கியர் விகிதம் ஒன்றுக்கு ஒன்று என்பதற்கு மிக அருகில் வருவது அதுதான். கியரின் தலையீடு குறைவு, டயர் வழுக்குவதும் குறைவு.

உருளை அளக்கும் விதம் இரண்டு. ஒருவகை டைனோவில் உருளையின் சடத்துவம் முன்கூட்டியே கணக்கிடப்பட்டிருக்கும். அதை எவ்வளவு விரைவாக வேகமேற்ற முடிகிறது என்பதிலிருந்து கணினி சக்தியைக் கணக்கிடும். இது எளிய இயந்திரம், ஆனால் ஒரு குறிப்பிட்ட சுற்றில் காரை நிறுத்திவைத்து டியூன் செய்ய இதில் வழியில்லை. இன்னொரு வகையில் உருளையோடு ஒரு மின்காந்தப் பிரேக் இணைந்திருக்கும். கார் எவ்வளவு தள்ளினாலும் அது எதிர்த்துப் பிடிக்கும், அந்தப் பிடியின் விசையைச் சுமை சென்சார் படிக்கும். மலையேற்றத்தில் இழுப்பது போல ஒரே சுற்றில் நிறுத்தி, இஞ்சினை ஆளும் கணினியான இசியுவின் வரைபடத்தைக் கட்டம் கட்டமாகத் திருத்த இதுதான் உதவும். சக்கரத்தையே கழற்றிவிட்டு ஹப்பில் நேராகப் பூட்டும் வகையும் உண்டு. அதில் டயர் என்ற தொல்லையே கிடையாது. இந்த மூன்றிலும் ஒரே காரை ஒரே நாளில் ஏற்றினாலும் மூன்று எண்கள் வரும். எதுவும் பொய்யில்லை, ஒவ்வொன்றும் அளப்பது சற்றே வேறு.

கணக்கு சிறியது. நியூட்டன் மீட்டரில் டார்க்கை இஞ்சின் சுற்றால் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் கிலோவாட். மைவி 1.5ஐ எடுத்துக்கொள்வோம். அதன் உச்ச டார்க் சுமார் 137 நியூட்டன் மீட்டர், 4,200 சுற்றில். அந்த இடத்தில் சக்தி 60 கிலோவாட்தான். 6,000 சுற்றில் டார்க் 121ஆக இறங்கிவிடும், ஆனால் சக்தி 76 கிலோவாட்டுக்கு ஏறிவிடும். டார்க் குறைந்தாலும் சுற்று அதைவிட வேகமாக ஏறுவதுதான் காரணம். இந்தக் கணக்கில் ஒரு சங்கதி ஒளிந்திருக்கிறது. உருளைக்குத் தெரிவது தன் மேல் விழும் விசையும் தன் வேகமும் மட்டுமே. இஞ்சின் சுற்றை யாராவது சொல்லித்தர வேண்டும். அதைத் தவறாகப் பதித்தால் சக்தி சரியாகவே வரும், டார்க் மட்டும் ஆகாயத்துக்குப் போகும். சாதாரண 1.6 லிட்டர் இஞ்சினுக்கு 300 நியூட்டன் மீட்டர் என்று சீட்டு வந்தால் மகிழ வேண்டாம்.

சீட்டில் பிஎஸ்சா எச்பியா என்றும் பாருங்கள். 75 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் தூக்கினால் ஒரு பிஎஸ், அதாவது 735.5 வாட். ஆங்கிலேயக் குதிரை சற்றே பெரியது, 745.7 வாட். 140 பிஎஸ் என்பது 138 எச்பி. வாக்குவாதத்தில் இந்த இரண்டுக்காகவும் மேசை தட்டியவர்கள் உண்டு.

அடுத்ததுதான் நம் நாட்டுக்கு முக்கியமானது: திருத்தக் காரணி. சூடான, ஈரமான காற்றில் ஆக்சிஜன் குறைவு, இஞ்சினுக்குப் பசி அடங்காது. வேறு வேறு ஊர்களில் அளந்ததை ஒப்பிட வேண்டுமே என்பதற்காக, அளந்த எண்ணை ஒரு பொதுவான வானிலைக்கு மாற்றுவார்கள். பரவலாகப் புழங்கும் எஸ்ஏஇ தரம் 25 பாகை வெப்பமும் 99 கிலோபாஸ்கல் உலர்காற்று அழுத்தமும். நெகிரி செம்பிலானில் ஒரு மதியம் 33 பாகை, ஈரப்பதம் 75 விழுக்காடு என்று வைத்துச் சூத்திரத்தில் போட்டால் காரணி ஏறத்தாழ 1.04 வருகிறது. சக்கரத்தில் உண்மையில் 200 அளந்திருந்தால் சீட்டில் 208 என்று அச்சாகும். இன்னொரு பழைய தரம் இதற்கு மேலும் ஏறத்தாழ நான்கு விழுக்காடு கூட்டிக் கொடுக்கும். பட்டறையின் மென்பொருளில் எந்தத் தரம் தேர்வாகியிருக்கிறது என்பதைச் சீட்டின் மூலையில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். பலரும் அதைப் படிப்பதேயில்லை.

டர்போ கார்களில் இது இன்னும் சிக்கல். இந்தக் காரணி டர்போ இல்லாத இஞ்சினை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. டர்போ இஞ்சினின் இசியு, காற்று மெலிந்தால் பூஸ்ட்டை ஏற்றித் தானே பாதியைச் சரிசெய்துகொள்கிறது. அதற்குப் பிறகும் முழுக் காரணியைப் பெருக்கினால், இல்லாத குறையை இரண்டாம் முறை ஈடுகட்டுகிறோம். என் கருத்தில் டர்போ காருக்குத் திருத்தாத எண்ணைப் பார்ப்பதே நேர்மை.

எண்ணை வீங்கவைக்க வேறு வழிகளும் உண்டு. வெப்பமானியை ரேடியேட்டருக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால், பட்டறையில் 45 பாகை என்று இயந்திரம் நம்பி இன்னும் இரண்டு விழுக்காட்டைத் தாராளமாகக் கூட்டும். சில டைனோக்கள் ரன் முடிந்ததும் கிளட்ச்சை அழுத்திச் சக்கரங்களைத் தானாக ஓயவிட்டு, ஓயும் வேகத்தைக் கொண்டு உராய்வு இழப்பைக் கணக்கிடும். அந்த இழப்பைச் சக்கர எண்ணோடு கூட்டி "இஞ்சின் சக்தி" என்று காட்டும். ஓயும்போது பிரேக் பெடலில் கால் விரல் பட்டாலே போதும். இழப்பு கூடும், அதோடு இஞ்சின் சக்தியும் கூடும். பிரேக் பிடித்துக் குதிரை வளர்ப்பது என்றால் இதுதான். இதற்குக் கெட்ட எண்ணம்கூடத் தேவையில்லை, தேய்ந்த வீல் பேரிங் ஒன்றே செய்துவிடும். கோட்டை மிருதுவாக்கும் அளவை ஏற்றி வைத்தால், டியூன் சரியில்லாத இஞ்சினின் நடுக்கமும் அழகாக மறைந்துபோகும்.

இவ்வளவு ஓட்டை இருந்தால் டைனோவால் என்ன பயன் என்று தோன்றலாம். பயன் எங்கே என்பதை 1999ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் கோப்ரா காட்டியது. அந்த ஆண்டின் காருக்கு 320 குதிரைத்திறன் என்று ஃபோர்டு விளம்பரம் செய்தது. முந்தைய மாடல் 305. வாங்கியவர்கள் டைனோவில் ஏற்றிப் பார்த்தபோது, புதிய கார் பழையதைவிட ஓங்கி நிற்கவில்லை. தனியாக ஓர் எண்ணைக் காட்டியிருந்தால் நிறுவனம் டைனோவின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். பழைய காரும் புதிய காரும் ஒரே வகை உருளையில் ஏறியதால் அது முடியவில்லை. ஃபோர்டு விற்பனையை நிறுத்தியது, விற்ற கார்களைத் திரும்ப அழைத்து இன்டேக் மேனிஃபோல்டையும் எக்ஸாஸ்ட்டையும் மாற்றி, இசியுவையும் திருத்திக் கொடுத்தது. 2001இல் மாஸ்டா எம்எக்ஸ்-5க்கும் இதுபோலவே நேர்ந்தது. அமெரிக்காவில் 155 குதிரைத்திறன் என்று சொன்னதை 142 என்று திருத்திக்கொண்டு, விருப்பமில்லாதவர்களிடமிருந்து காரைத் திரும்ப வாங்கிக்கொள்ள முன்வந்தது.

நம் தோட்டச் சாலைகளுக்கே பழக்கமான ஹைலக்ஸும் இதுபோன்ற ஓர் அளவீட்டுச் சிக்கலில் மாட்டியது. 2024 ஜனவரியில் டொயோட்டா ஓர் ஒப்புதலை வெளியிட்டது. அதன் குழும நிறுவனமான டொயோட்டா இன்டஸ்ட்ரீஸ், மூன்று டீசல் இஞ்சின்களின் சக்திச் சோதனையில், விற்பனைக் கார்களில் இருப்பதிலிருந்து வேறுபட்ட இசியு மென்பொருளைப் போட்டு அளந்திருந்தது. ஹைலக்ஸ், ஃபார்ச்சுனர், இன்னோவா ஆகியவற்றில் ஓடும் இஞ்சின்களும் அவற்றில் அடக்கம். கோடு ஏற்ற இறக்கமின்றி மிருதுவாகத் தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். விற்ற கார்களின் சக்தி சொன்ன அளவில்தான் இருக்கிறது என்று டொயோட்டா கூறியது. ஆனாலும் பாதிக்கப்பட்ட கார்களை அனுப்புவதைத் தற்காலிகமாக நிறுத்தவேண்டி வந்தது. பட்டறைக்காரர் கோட்டை மிருதுவாக்குவதற்கும் இதற்கும் அளவில்தான் வேறுபாடு.

ஹாஃப்-கட் இஞ்சின் போட்டவர்களுக்கு டைனோ இன்னும் அவசியம். ஜப்பானில் இருபது ஆண்டு ஓடிய இஞ்சின், பிறந்தபோது சொன்ன எண்ணை இன்றும் தரும் என்று யாரும் உறுதி கூற முடியாது. சாலையில் சோதித்துப் பார்க்கவும் இடமில்லை. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் எல்லை 110 கிலோமீட்டர், நான்காவது கியரை முழுதாக இழுத்தால் பல கார்கள் அதைத் தாண்டிவிடும். இஞ்சின் மாற்றியவர்கள் ஜேபிஜே ஒப்புதலும் புஸ்பாகோம் சோதனையும் இல்லாமல் சாலையில் இறங்கவே கூடாது என்பது தனிக் கதை.

ஆகவே டைனோவுக்குப் போகும்போது, பக்கத்து மேசைக்காரரின் எண்ணை மறந்துவிட்டுப் போங்கள். டயரில் காற்று எப்போதும் ஒரே அளவு, டேங்கில் ஒரே ரோன் பெட்ரோல். மூன்று ரன் ஓட்டச் சொல்லுங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒட்டி வந்தால்தான் அளவீட்டை நம்பலாம். முதல் ரன்னைவிட மூன்றாவது கணிசமாக இறங்கினால், இன்டர்கூலர் சூடேறுகிறது என்று பொருள், அதுவே ஒரு பயனுள்ள செய்தி. சக்கரத்தில் அளந்த, திருத்தாத எண்ணைத் தனியே அச்சடித்துக் கேளுங்கள். உச்சி எண்ணை மட்டும் பார்க்காமல், நீங்கள் அன்றாடம் ஓட்டும் 2,500க்கும் 5,000க்கும் நடுவே கோடு எப்படிப் போகிறது என்று பாருங்கள். உச்சியில் பத்துக் கூடி நடுவில் பதினைந்து குறைந்த டியூன், ராசாவிலிருந்து சிரம்பான் போகும் நெரிசலில் உங்களுக்கு நட்டம்தான்.

டியூன் செய்வதற்கு முன் ஓர் அளவீடு, செய்த பின் ஓர் அளவீடு, இரண்டும் அதே இயந்திரத்தில், அதே நாளில். டியூனுக்கு முந்தைய அளவீட்டை எடுத்துத்தர மறுக்கும் பட்டறையில் காசைக் கொடுக்காதீர்கள்.