காபூல் 2021: தப்புக் கணக்கு போட்டது யார்... தண்டனை அனுபவித்தது யார்?

2021 ஆகஸ்ட் 16. காபூல் விமான நிலைய ஓடுதளத்தில் நகர்ந்துகொண்டிருந்த அமெரிக்க ராணுவத்தின் சி-17 விமானத்தோடு நூற்றுக்கணக்கானோர் ஓடினார்கள். சிலர் பக்கவாட்டில் தொற்றிக்கொண்டார்கள். விமானம் மேலே எழும்பியதும் அங்கிருந்து விழுந்து இறந்தவர்களும் உண்டு. அந்த வீடியோவை செல்போனில் பார்க்காதவர்கள் குறைவு.

'இப்படியா ஒரு நாட்டைவிட்டுக் கிளம்புவார்கள்?' என்று அன்று கேட்காதவர்களும் குறைவு. இதற்கு யார் பொறுப்பு என்ற சண்டைதான் இன்னும் ஓயவில்லை. 2023 ஏப்ரலில் வெள்ளை மாளிகை வெளியிட்ட அறிக்கை, முந்தைய ட்ரம்ப் ஆட்சி மீது பழி போட்டது. 2024 செப்டம்பரில், அதிபர் தேர்தலுக்கு இரண்டு மாதங்கள் இருக்கும்போது, நாடாளுமன்ற வெளியுறவுக் குழுவின் குடியரசுக் கட்சியினர் வெளியிட்ட அறிக்கை பைடன் மீது பழி போட்டது. இரண்டுமே எதிர்பார்த்ததுதான்!

உண்மையில் இங்கே இரண்டு முடிவுகள் இருக்கின்றன. கிளம்புவது என்பது ஒன்று. எப்படிக் கிளம்புவது என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் யாரையும் சரியாக எடைபோட முடியாது.

கிளம்பும் முடிவுக்கு விதை போட்டது 2020 பிப்ரவரி 29-ல் தோஹாவில் கையெழுத்தான ஒப்பந்தம். ட்ரம்ப் அரசும் தாலிபனும் பேசி முடித்தார்கள். ஆப்கன் அரசுக்கு அந்த மேஜையில் நாற்காலியே இல்லை. 2021 மே 1-க்குள் அமெரிக்கப் படைகள் வெளியேற வேண்டும் என்பது அதன் நிபந்தனை. பைடன் பதவியேற்றபோது அங்கே மிச்சமிருந்தது சுமார் 2,500 வீரர்கள். அந்த 2,500 பேரையாவது வைத்திருக்கலாம் என்பதே தங்கள் கருத்தாக இருந்தது என்று தளபதிகள் மார்க் மில்லியும் கென்னத் மெக்கன்ஸியும் பின்னர் செனட்டில் சொன்னார்கள். அப்படி யாரும் தன்னிடம் சொன்னதாக நினைவில்லை என்று அதற்குச் சில வாரங்கள் முன்புதான் பைடன் பேட்டி கொடுத்திருந்தார். ஆனாலும், 20 வருடப் போரை முடிக்க நினைத்ததைத் தவறு என்று சொல்லிவிட முடியாது. அது ஓர் அதிபரின் அரசியல் முடிவு.

சிக்கல் இரண்டாவது முடிவில் இருக்கிறது.

பக்ராம் யார் கணக்கு?

காபூலுக்கு வடக்கே இருந்த பக்ராம் விமானப்படைத் தளம், ஆப்கானிஸ்தானில் அமெரிக்காவின் ஆகப்பெரிய கோட்டை. இரண்டு ஓடுதளங்கள், சுற்றிலும் பாதுகாப்பு வளையம். 2021 ஜூலை தொடக்கத்தில் ராத்திரியோடு ராத்திரியாக அதைக் காலி செய்தார்கள். அமெரிக்கர்கள் போய்விட்டது, போன பிறகுதான் தெரியும் என்றார் அங்கே பொறுப்பேற்ற ஆப்கன் தளபதி. அடுத்த மாதம் காபூல் விழுந்தபோது மிஞ்சியது, நகர நெரிசலுக்குள் ஒற்றை ஓடுதளத்தோடு இருந்த விமான நிலையம் மட்டும்தான்.

'பக்ராமை விட்டது முட்டாள்தனம்' என்று சொல்வது சுலபம். பாதுகாப்பு அமைச்சர் லாயிட் ஆஸ்டின் செனட்டில் சொன்ன கணக்கு வேறு. பக்ராமைக் காக்க 5,000 வீரர்கள் வரை தேவைப்படும். தூதரகமோ அங்கிருந்து 48 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. படைகளைக் குறைத்துக்கொண்டே வா என்று உத்தரவு வந்த பிறகு, இருக்கும் ஆட்களை வைத்து தூதரகத்தைக் காப்பதா, தளத்தைக் காப்பதா? கொடுத்த எண்ணிக்கைக்குள் பார்த்தால் தளபதிகளின் முடிவில் நியாயம் இருக்கிறது. 'இந்த எண்ணிக்கை போதாது, நிலைமை கெட்டால் மக்களை எந்த வழியாக வெளியே எடுப்பது?' என்று மேல்மட்டத்தில் அழுத்திக் கேட்டிருக்க வேண்டும். மோசமான சூழ்நிலைகளைப் பற்றி இரண்டு ஆட்சிகளிலுமே உயர்மட்டத்தில் போதுமான அளவு யோசிக்கப்படவில்லை என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் சொந்த ஆய்வே 2023-ல் ஒப்புக்கொண்டது.

ராணுவமும் அரசும் 11 நாள்களில் சரியும் என்று எந்தத் தகவலும் சொல்லவில்லை என்றார் மில்லி. இருக்கலாம். நடந்து முடிந்த பிறகு புத்திசாலியாவது யாருக்கும் எளிது. ஆனால், ஜூலை 13-ம் தேதியே காபூல் தூதரகத்தில் பணியாற்றிய 23 அதிகாரிகள் வாஷிங்டனுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருந்தார்கள். அதற்கு ஐந்து நாள்கள் முன்பு, தாலிபன் நாடு முழுவதையும் பிடிப்பது நடக்கவே வாய்ப்பில்லாதது என்று பைடன் சொல்லியிருந்தார். பொதுமக்களை வெளியேற்றும் நடவடிக்கை ஆகஸ்ட் பாதியில்தான் தொடங்கியது. அந்த முடிவு மிகத் தாமதமாக வந்தது என்று ஓய்வுபெற்ற பிறகு, 2024 மார்ச்சில், மில்லியே நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். தெரியாமல் தவறுவது வேறு. சொன்ன பிறகும் ஒரு மாதத்தை விடுவது வேறு.

களத்தில் இருந்தவர்கள் செய்ததையும் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்குச் சற்றே கூடுதலான நாள்களில் 1,20,000-க்கும் அதிகமானோரை விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை ஆகஸ்ட் 26. அபே கேட் வாசலில் ஐ.எஸ் தற்கொலைப்படை ஆள் குண்டை வெடிக்கச் செய்ததில் 13 அமெரிக்க வீரர்களும், சுமார் 170 ஆப்கன் மக்களும் இறந்தார்கள்.

அன்றே லெப்டினன்ட் கர்னல் ஸ்டூவர்ட் ஷெல்லர், சீருடையோடு ஒரு வீடியோ வெளியிட்டார். மேலிடத்தில் யாராவது கையைத் தூக்கி, தவறு எங்களுடையது என்று ஏற்றுக்கொண்டீர்களா என்பதுதான் அவர் கேள்வி. மறுநாளே பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். ராணுவ நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கண்டனக் கடிதமும், 5,000 டாலர் சம்பளப் பிடித்தமும் கிடைத்தன. ராணுவ ஒழுங்கை அவர் மீறியது உண்மைதான்.

ஆகஸ்ட் 29 அன்று காபூலில் ஒரு காரை அமெரிக்க ட்ரோன் தாக்கியது. பயங்கரவாதியைக் கொன்றுவிட்டதாக முதலில் அறிவித்தார்கள். இறந்தது அமெரிக்கத் தொண்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவரும் அவர் குடும்பத்தினரும். மொத்தம் 10 பேர், அதில் 7 குழந்தைகள். அது தவறு என்று செப்டம்பர் 17-ல் ஒப்புக்கொண்டார் மெக்கன்ஸி. டிசம்பரில் பென்டகன் தன் முடிவைச் சொன்னது: இந்தத் தாக்குதலுக்காக யார் மீதும் நடவடிக்கை இல்லை.