பிக்கப் வேனில் திருப்பூர் செல்வோர் கவனத்துக்கு

காங்கேயம் பகுதியிலிருந்து தேங்காய், காய்கறி ஏற்றிக்கொண்டு திருப்பூர் செல்லும் விவசாயிகள் பலர் சொந்தமாகக் குட்டியானை, பிக்கப் வேன் வைத்திருக்கிறார்கள். ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 66-ன்படி பர்மிட் தேவையில்லை.

ஆனால் பர்மிட் வேண்டாம் என்பதால் எந்த நேரமும் நகருக்குள் போகலாம் என்று அர்த்தமில்லை. நெரிசல் நேரத்தில் சரக்கு வண்டிகளைத் தடுக்க அதே சட்டத்தின் பிரிவு 115 இடமளிக்கிறது. தடை நேரம் சாலைக்குச் சாலை மாறும். நுழைவில் உள்ள அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டே உள்ளே செல்ல வேண்டும்.

தடை செய்த இடத்தில் நிறுத்தினால் முதல் முறை 500 ரூபாய், அடுத்த முறை 1,500 ரூபாய் அபராதம். அனுமதித்த எடைக்கு மேல் பாரம் ஏற்றினால் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் கட்ட வேண்டும். சரக்கு பாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் 20,000 ரூபாய்தான். ஒரு லோடு தேங்காயின் லாபம் அதிலேயே போய்விடும்.

விடிவதற்குள் உழவர் சந்தைக்கோ மண்டிக்கோ போய்ச் சேர்ந்து, பனியன் கம்பெனி வேலை நேரம் தொடங்குமுன் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்புவது நல்லது. வங்கி, மருத்துவமனை வேலை இருந்தால், வண்டியை ஊருக்கு வெளியே கட்டண நிறுத்தத்தில் விட்டு டவுன் பஸ்ஸில் போகலாம். புதிய வியாபாரியிடம் விலை கேட்கும்போதே, அவர் கடைத் தெருவில் எத்தனை மணிவரை சரக்கு இறக்கலாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.