மரம் எழுதும் கணக்கு – 6: முந்தின ஐப்பசியின் துளைகள்

சா மில்லில் அடுக்கிக் கிடக்கும் தேக்குத் தடியின் அறுத்த முகத்தை ஓரிடத்தில் கூரான உளியால் சீவி, விரலில் தண்ணீர் தொட்டுத் தடவிப் பாருங்கள். வளையங்கள் பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் ஊசியால் குத்தினாற்போலத் துளைகள் வரிசை கட்டி நிற்கும், பூதக்கண்ணாடி தேவையில்லை. வெளிப்பக்கம் போகப் போகத் துளைகள் சிறுத்து, கட்டை இறுகும். பிறகு சட்டென்று மறுபடி பெருந்துளைகள். அங்கே அடுத்த ஆண்டு தொடங்குகிறது.

பெருந்துளைகள் உள்ள பகுதி முன்பருவக் கட்டை. இறுகிய பகுதி பின்பருவக் கட்டை. பழைய ஐரோப்பிய நூல்கள் முன்னதை வசந்தகாலக் கட்டை என்று எழுதின. கோடை மழைக்குத் துளிர்க்கும் நம் காட்டு மரங்களுக்கு அந்தப் பெயர் ஒட்டாது. இழைத்த தேக்குக் கதவில் நகத்தால் கீறினாற்போல நீளநீளமாய் ஓடும் பள்ளங்களும் இதே துளைகள்தான், நெடுக்குவாட்டில் அறுபட்டவை. பாலிஷ் போடுகிறவர்கள் மெனக்கெட்டு மக்கு பூசி அடைப்பது இவற்றைத்தான்.

துளை என்கிறோமே, அவை மரம் உயிரோடிருந்தபோது வேரிலிருந்து இலைக்கு நீர் ஏறிய குழாய்கள். வறண்ட மாதங்களில் தேக்கு இலையை முழுக்க உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். மழை தலைகாட்டியதும் ஒரே மூச்சில் துளிர்த்தாக வேண்டும். முறம் அகலத்துக்கு விரியும் அந்த இலைகளுக்கு நிறைய நீர் வேண்டும், அதற்குப் பெரிய குழாய்கள் வேண்டும். இலையே சரியாக விரியாத நேரத்தில் குழாய் கட்ட உணவு ஏது? போன பருவத்தில் தயாரித்துச் சேமித்த மாவுச்சத்துதான் பெரும்பாலும் கைகொடுக்கிறது. அதாவது, இந்த ஆண்டு வளையத்தின் முதல் பகுதியில் போன ஆண்டின் நிலவரமும் கலந்திருக்கிறது.

இதைச் சோதித்துப் பார்த்த இடம் பக்கத்தில்தான் இருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகப் போனால் வரும் பரம்பிக்குளம். லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனத்தைச் சேர்ந்த அமலவ பட்டாச்சார்யா, ஜெர்மானியரான டீட்டர் எக்ஸ்டைன் முதலானோர் அங்குள்ள தேக்கில் வளையத்தின் அகலத்தோடு நிற்காமல், முன்பருவக் குழாய்களின் சராசரிப் பரப்பையும் அளந்தார்கள். முடிவுகள் 2007-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வந்தன. அந்தப் பரப்பு ஒத்துப்போனது முந்தின ஆண்டின் அக்டோபர், நவம்பர் மழையோடும் நடப்பு ஆண்டின் ஏப்ரல் மழையோடும். நம் ஐப்பசி, கார்த்திகை அடைமழை, மரம் இலையுதிர்த்து ஓய்ந்து மறுபடி எழுந்த பிறகு, குழாயின் அளவில் வெளிப்படுகிறது! அந்தக் கணக்கை வைத்து 1743 முதல் 1986 வரை அந்த மாதங்களின் மழையை மீட்டெழுதினார்கள். மழைமானிகள் நம் பக்கம் பரவலாவதற்கு வெகுகாலம் முந்திய ஆண்டுகளும் அதில் அடக்கம்.

அகலத்தை அளப்பது பழைய வழி. ஜாவாத் தேக்கில் 1514 முதல் 1929 வரையிலான வளையத் தொடரை டச்சுக்காரரான பெர்லாகே 1931-லேயே வெளியிட்டுவிட்டார். ஆனால் அகலம் என்பது ஒரு பருவம் முழுவதன் கூட்டுத்தொகை. எந்த மாதத்து மழை எவ்வளவு சேர்ந்தது என்று அதில் பிரித்துப் பார்ப்பது கடினம். துளைகளை அளப்பது கண் நோகும் வேலைதான். மரத்தை வழவழப்பாக இழைத்து, துளைகளில் வெள்ளைச் சாக்பீஸ் தூளைத் தேய்த்து நிரப்பி, கணினியில் படமாக எடுத்து ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். என்னைக் கேட்டால் அந்தப் பாடு தகும்.

தேக்கு ஏமாற்றவும் செய்யும். பருவத்தின் நடுவில் மழை பொய்த்து, மரம் சுணங்கி, பிறகு பெய்த மழையில் திரும்பத் தழைத்தால் ஒரே ஆண்டில் இரண்டு வளையம் போலத் தோன்றும். மெய்யான எல்லை தடியைச் சுற்றித் தெளிவாக ஓடும். போலி பெரும்பாலும் எங்காவது மங்கிவிடும். அதுவும் போதாமல், ஒரே காட்டின் பல மரங்களை அருகருகே வைத்து, ஒடுங்கிய ஆண்டுகள் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் வருகின்றனவா என்று ஒப்பிடுகிறார்கள். இந்த ஒப்பீட்டு முறையை வகுத்தவர் தாவரவியலாளர் அல்ல, அரிசோனாவில் சூரியப் புள்ளிகளின் சுழற்சிக்குத் தடயம் தேடிக்கொண்டிருந்த ஒரு வானியலாளர். அவரை அடுத்த வாரம் சந்திப்போம்.

(தொடரும்)