நுனிவிரலுக்கு வந்த பசி

கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து ஒரு சின்ன உருண்டையைக் கிள்ளி எடுக்கின்றனவா? திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய சோதனை அட்டையில் இதுவும் ஒரு கேள்வி. டாக்டர் எம்.கே.சி. நாயரும் சகாக்களும் 1991ல் வெளியிட்ட இந்த அட்டைக்கு ஊரின் பெயரே வைக்கப்பட்டது. முகம் பார்த்துச் சிரிப்பது, தலை நிற்பது, நடப்பது என்று இரண்டு வயது வரை மொத்தம் 17 அம்சங்கள். குழந்தையின் வயதுக்கு நேராக அட்டையில் ஒரு பென்சிலை நிறுத்த வேண்டும். பென்சிலுக்கு இடதுபுறம் இருக்கும் எதையாவது குழந்தை செய்யவில்லை என்றால் டாக்டரிடம் காட்டியாக வேண்டும். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

அந்த உருண்டைக்குப் பதில் ஒரு இட்லித் துணுக்கை வைத்தால் அதுவே சாப்பாடு. ஆனால் பல வீடுகளில் குழந்தைக்கு அந்த வாய்ப்பு எளிதில் கிடைப்பதில்லை. ஆறாம் மாதம் சோறூணு சடங்கு விமரிசையாக நடக்கும். பிறகு மிக்ஸியின் ராஜ்யம். சாதம், பருப்பு, காய் எல்லாம் ஒரே கூழாக இறங்கி, ஸ்பூன் வழியாக வாய்க்குள் போகும். கை நீட்டினால் தட்டிவிடப்படும். துணி அழுக்காகும் என்பது ஒரு காரணம், தொண்டையில் சிக்கும் என்ற பயம் மற்றொன்று.

மிக்ஸியை நிறுத்தத் தாமதித்தால் விலை உண்டு. பத்து மாதம் வரை கட்டியான உணவே தராவிட்டால் பின்னர் உணவு ஊட்டுவதில் சிக்கல் கூடும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. எட்டு மாதத்தில் பெரும்பாலான குழந்தைகளால் கையில் எடுத்துத் தின்ன முடியும், ஒரு வயதில் வீட்டுச் சாப்பாட்டையே சாப்பிட முடியும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

இதற்கு வெளிநாட்டுப் பெயர் வைத்த ஒரு முறையும் உண்டு. ஸ்பூனே வேண்டாம், முதல் நாளிலிருந்தே குழந்தை தானாக எடுத்துச் சாப்பிடட்டும் என்று 2008ல் புத்தகம் எழுதினார் பிரிட்டனின் ஜில் ராப்லி. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. குறுக்கும் கஞ்சியும் ஊட்டிக்கொண்டே, தட்டில் இரண்டு துண்டுகளையும் வைத்தால் போதும்.

எந்தத் துண்டு? இங்கேதான் திருவனந்தபுரம் கொடுத்து வைத்த ஊர். நாகர்கோவில்காரர்கள் ஏத்தன் என்று சொல்லும் நேந்திரம் பழத்தை ஆவியில் வேகவைத்தால் வழுக்காது, கையில் நிற்கும், ஈறிலேயே மசியும். ஆறேழு மாதக் குழந்தை முழு உள்ளங்கையாலும் பிடிக்கும்; அதனால் பெரியவர் விரல் நீளத்துக்கு நறுக்க வேண்டும். பிடித்த முஷ்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைத்தான் அது தின்னும். எட்டு ஒன்பது மாதத்தில் கிள்ளும் திறன் வந்தபின் சின்னத் துணுக்குகள். நன்றாக வெந்த பூசணி, கேரட், இட்லி, மஞ்சள் கருவரை வெந்த முட்டை, முள் இல்லையென்று இரண்டு முறை தடவிப் பார்த்த மீன் எல்லாம் சரி. இரு விரலுக்கிடையே அழுத்தினால் நசுங்க வேண்டும், அதுதான் சோதனை. துப்பினால் கோபிக்க வேண்டாம். எட்டு, பத்து முறை காட்டிய பிறகே சில சுவைகள் பிடிபடும். தேன் மட்டும் ஒரு வயது வரை கூடாது. பிறந்த குழந்தையின் நாக்கில் பொன்னும் வயம்பும் தேனும் தடவும் கேரள வழக்கத்தைப் பாட்டிகள் விட்டுவிடுவதே நல்லது.

பயம் அர்த்தமற்றதல்ல. ஆனால் குமட்டுவது வேறு, அடைப்பது வேறு. குமட்டும் குழந்தை இருமும், சத்தம் போடும், முகம் சிவக்கும். பெரும்பாலும் தானே வெளியே தள்ளிவிடும். அடைத்துக்கொண்ட குழந்தையிடமிருந்து சத்தமே வராது. முழு நிலக்கடலை, திராட்சை, பச்சைக் கேரட், மிட்டாய் ஆகியவை ஆபத்தானவை. ரம்புட்டான் தொண்டையில் சிக்கிக் குழந்தைகள் இறந்த செய்திகளைக் கேரளம் சமீப ஆண்டுகளில் படித்திருக்கிறது. சாப்பிடும்போது குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். டி.வி. பார்ப்பவர் கணக்கில் சேர மாட்டார். அடைத்துவிட்டால், ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தையைத் தலை தாழ முன்கையில் கவிழ்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டுகள். பலன் இல்லையென்றால் திருப்பி மார்பின் நடுவே ஐந்து அழுத்தங்கள். மாறி மாறிச் செய்துகொண்டே உதவிக்கு ஆள் அழைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத துண்டைத் தேடி விரலை விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும்.

குழந்தை நலத்தில் நாட்டுக்கே பாடம் சொல்லும் மாநிலம் சாப்பாட்டு விஷயத்தில் அவ்வளவு தேர்ச்சி பெறவில்லை. 2019-21ல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 39.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. தேசிய அளவான 67.1 சதவீதத்தோடு ஒப்பிட்டால் பரவாயில்லை, அவ்வளவே. ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலில் உள்ள இரும்புச் சத்து போதாது. வெறும் அரிசிக் கூழும் அதை ஈடுகட்டாது. மீனும் முட்டையும் பருப்பும் தேவைப்படுவது அதனால்தான்.

அரசின் பதில் அமிர்தம் நியூட்ரிமிக்ஸ். குடும்பஸ்ரீ பெண்கள் தயாரித்து, மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடி மூலம் வழங்கப்படும் மாவு. நூறு கிராமில் கோதுமை 45, கடலைப்பருப்பு 15, நிலக்கடலை 10, சோயா 10, சர்க்கரை 20 என்பது அதற்கு வகுக்கப்பட்ட விகிதம். புரதத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஐந்தில் ஒரு பங்கு சர்க்கரை, இந்த வயதுக்குச் சர்க்கரை மிகுந்த உணவே வேண்டாம் என்று 2023ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னதற்குப் பொருந்தாது. குறுக்காகக் காய்ச்சாமல் இதையே மெல்லிய அடையாகத் தட்டி, கீற்றுகளாக நறுக்கிக் குழந்தையின் கையில் கொடுக்கலாம். ருசிக்காக மேற்கொண்டு வெல்லம் போடுமுன் உறையில் அச்சிட்டிருப்பதை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.