லட்சத்தீவு: காண வேண்டியவை பல, காக்க வேண்டியவையும் பல

புது தில்லி: நாட்டின் மிகச் சிறிய யூனியன் பிரதேசமான லட்சத்தீவுக்குச் செல்ல இந்தியக் குடிமகனுக்குப் பயணச்சீட்டு மட்டும் போதாது, தீவு நிர்வாகத்தின் அனுமதிச்சீட்டும் வேண்டும். நுழைவு மற்றும் தங்குதலைக் கட்டுப்படுத்தும் 1967-ஆம் ஆண்டு விதிகள் இன்றும் நடைமுறையில் உள்ளன. 2024 ஜனவரியில் பிரதமர் நரேந்திர மோடி அங்கு சென்று, கடலில் நீந்திய படங்களை வெளியிட்டபின், அனுமதி கோருவோரின் பார்வை இத்தீவுகளின் பக்கம் பெருமளவில் திரும்பியது.

36 தீவுகள் எனக் கணக்கிடப்படும் லட்சத்தீவின் மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர். மக்கள் வாழ்வது 10 தீவுகளில் மட்டுமே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 64,473 பேர் வசிக்கின்றனர். ஆனால், பவளப்பாறைகள் வளைத்து நிற்கும் காயல்களின் பரப்போ சுமார் 4,200 சதுர கிலோமீட்டர். எனவே, இங்கு வருவோர் காண்பது நிலத்தைவிட நீரையே.

கொச்சியிலிருந்து கப்பலில் செல்ல, தீவைப் பொருத்து 14 முதல் 18 மணி நேரம் வரை ஆகும். அகத்தி தீவின் குறுகிய ஓடுதளத்தில் சிறிய விமானங்கள் இறங்குகின்றன. அங்கிருந்து படகில் செல்லும் தொலைவில் பங்காரம் உள்ளது. குடியிருப்புகள் இல்லாத இத்தீவு, சுற்றுலாவுக்கெனவே பெயர் பெற்றது. தலைநகர் கவரத்தியில் உஜ்ரா பள்ளிவாசலின் மர வேலைப்பாடு மிக்க கூரையைக் காணலாம். நீண்டு ஒடுங்கிய கடமத் தீவில், ஆழ்கடல் மூழ்கலும் துடுப்புப் படகுப் பயணமும் உண்டு.

தென்கோடியில் தனித்து நிற்கும் மினிக்காய், மற்ற தீவுகளிலிருந்து மொழியாலும் வேறுபட்டது. மற்றத் தீவுகளில் மலையாளத்தின் வட்டார வழக்கு வழங்க, இங்கு மாலத்தீவு மொழிக்கு உறவான மஹல் பேசப்படுகிறது. 1885-இல் ஆங்கிலேயர் அமைத்த கலங்கரை விளக்கம் இங்கு உள்ளது. சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டி உலர்த்திய மாசி, இத்தீவின் பழைமையான வணிகப் பொருள்.

இந்த மீன்பிடித் தொழிலில்தான் சுற்றுலாப் பயணியின் விருப்பமும் தீவுவாசியின் பிழைப்பும் சந்திக்கின்றன. இங்கு சூரை மீன் பெருவலை கொண்டு பிடிக்கப்படுவதில்லை. காயலின் பவளப்பாறைகளிடையே சிறு மீன்களை உயிருடன் பிடித்து, அவற்றைக் கடலில் இரையாக வீசி, தூண்டிற்கோலால் ஒவ்வொன்றாக இழுக்கின்றனர். பவளப்பாறை அழிந்தால் இரைமீன் குறையும். இரைமீன் குறைந்தால் தூண்டிலுக்கு வேலையில்லை. கடல் வெப்பம் உயர்ந்ததால் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளப்பாறைகள் பெருமளவில் வெளிறின. 2024-லும் அதே நிலை ஏற்பட்டது. தாழ்வான இத்தீவுகளுக்கு அலைகளைத் தடுக்கும் அரணும் அப்பாறைகளே.

குடிநீர் மற்றொரு கவலை. இங்கு ஆறு இல்லை. பவள மணலில் இறங்கும் மழைநீர், உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. அளவுக்கு மேல் இறைத்தால் கிணறு உப்பாகும். சென்னையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் 2005-இல் கவரத்தியில் அமைத்த, நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் திறன் கொண்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் இப்பற்றாக்குறைக்கு ஓரளவு தீர்வு கண்டது. ஆழ்கடலின் குளிர்ந்த நீரையும் மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீரையும் பயன்படுத்தும் இம்முறை, பின்னர் மினிக்காய், அகத்தி தீவுகளுக்கும் சென்றது. எனினும், விடுதிகள் பெருகினால் நீரின் தேவையும் கழிவுநீரின் அளவும் சேர்ந்தே உயரும்.

எத்தனை விடுதிகள், எத்தனை பயணிகள் என்பதை முடிவு செய்வது யார்? லட்சத்தீவுக்குச் சட்டப்பேரவை இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 240-ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர் பிறப்பிக்கும் ஒழுங்குமுறைகளே சட்டமாகின்றன. நிர்வாகி தில்லியால் நியமிக்கப்படுகிறார். சுமார் 58 ஆயிரம் வாக்காளர்களுக்கு மக்களவையில் ஓர் உறுப்பினர் மட்டுமே உண்டு. 1967 முதல் தொடர்ந்து 10 முறை வென்ற பி.எம்.சயீத், 2004-இல் வெறும் 71 வாக்குகளில் தோற்ற தொகுதி இது. ஒவ்வொரு குடும்பத்தின் வாக்கும் இங்கு எண்ணிப் பார்க்கப்படுகிறது.

நிலத்தைக் கையகப்படுத்த விரிவான அதிகாரம் அளிக்கும் வளர்ச்சி ஆணைய வரைவு 2021-இல் வெளியானபோது, தீவெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டு, மாவட்ட ஊராட்சியிடமிருந்த கல்வி, சுகாதாரம், மீன்வளம் உள்ளிட்ட துறைகளின் அதிகாரத்தை நிர்வாகி எடுத்துக்கொண்டார். நிர்வாகியைத் திரும்பப் பெறக் கோரி கேரள சட்டப்பேரவை ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது.

சுற்றுலாவைத் தீவு மக்கள் வேண்டாம் என்று கூறிவிட முடியாது. தென்னையும் மீனும் தவிர வேறு வருவாய் அங்கு மிகக் குறைவு. ஆனால், ஒரு தீவு எத்தனை பேரைத் தாங்கும் என்ற கணக்கைக் கிணற்று நீரையும் பவளப்பாறையையும் வைத்தே போட வேண்டும். அக்கணக்கைப் போடும் இடத்தில், அந்தக் கிணற்றில் நீர் இறைப்பவர்களும் அமர வேண்டும். அதுவரை, காகித அளவில் சிறிதான அந்த அனுமதிச்சீட்டே அத்தீவுகளின் முக்கியப் பாதுகாப்பு.