நோயுற்ற பூனைக்குச் சில வார வீடு

மும்பையில் ஒரு தெருப்பூனைக்கு உடம்பு சரியில்லை என்றால் கொண்டுபோய்க் காட்ட இடமில்லாமல் இல்லை. பரேலில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இயங்கிவரும் பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனையைப் பலரும் அறிவர். தனியார் கால்நடை மருத்துவர்களும் இன்று பேட்டைக்குப் பேட்டை இருக்கிறார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான். "வீட்டுக்கு அழைத்துப் போகலாம், பத்து நாள் மருந்து கொடுங்கள்" என்கிறார் டாக்டர். மீன்கடை ஓரத்தில் பிறந்து வளர்ந்த பூனைக்கு எது வீடு? கூண்டிலேயே விட்டுவைக்கலாம் என்றால், பக்கத்துக் கூண்டில் நாய் குரைக்கும். பூனை மூலையில் ஒடுங்கிச் சாப்பாட்டைத் தொடாது.

இந்தப் பத்து நாளுக்கோ ஒரு மாதத்துக்கோ இடம் கொடுப்பதைத்தான் தற்காலிக வளர்ப்பு என்கிறார்கள். இது பூனையைத் தத்தெடுப்பதன்று. தேறும் வரை பார்த்துக்கொண்டு, பிறகு உரிய இடத்தில் சேர்ப்பது. மருந்தை எழுதிக் கொடுப்பவர் மருத்துவர். ஆனால் பூனை பிழைப்பதும் பிழைக்காததும் பெரும்பாலும் அது சாப்பிடுகிறதா என்பதைப் பொறுத்தது. அதைக் கவனிப்பது வீட்டில் இருப்பவர் வேலை.

'லங்கணம் பரம ஔஷதம்' என்று நம் பாட்டிமார் சொல்வது பூனைக்குச் சற்றும் பொருந்தாது. சேர்ந்தாற்போல் இரண்டு மூன்று நாள் ஒன்றும் தின்னாவிட்டால், உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்க் குவிந்து, கல்லீரல் வேலை செய்வதை நிறுத்தத் தொடங்கும். கொழுத்த பூனைக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். ஜலதோஷம் பிடித்த பூனை சாப்பிடாததற்குக் காரணம் பசியின்மை மட்டுமல்ல, மூக்கடைப்பும்தான். வாடை தெரியாத உணவைப் பூனை உணவாகவே மதிப்பதில்லை. ஆகவே மூக்கையும் கண்ணையும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டு, மீனையோ வேகவைத்த கோழியையோ இளஞ்சூடாக்கி, வாடை எழும்படி வைக்க வேண்டும். உப்பு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் கூடவே கூடாது. அவை பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். ஒரே தட்டு நிறைய வைப்பதைவிட, ஒரு கரண்டி அளவில் நாளைக்கு ஐந்தாறு முறை வைப்பது நல்லது.

சைவ வீடுகளில் தயிர்சாதத்தில் பூனை வளர்த்த கதைகள் உண்டு. அந்தப் பூனை மீதி வயிற்றை எந்த எலியிடம் நிரப்பிக்கொண்டது என்பது அந்த வீட்டாருக்குத் தெரியாது! பூனை புலால் உண்டே வாழ வேண்டிய பிராணி. அதன் இதயத்துக்கும் கண்ணுக்கும் தேவையான டாரின் என்னும் சத்து சோற்றிலும் பருப்பிலும் இல்லை. மீன் சமைக்க இயலாதவர்கள் கடையில் விற்கும் பூனை உணவுப் பொட்டலத்தை வாங்கி வைக்கலாம். அதுவும் மனம் ஒப்பாதென்றால், செலவுக்குப் பணமோ மருத்துவரிடம் தூக்கிப்போக ஆட்டோவோ ஏற்பாடு செய்து உதவலாம். பால் வார்ப்பதையும் விட்டுவிடுங்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிக்காமல் வயிற்றுப்போக்கு ஆகும்.

இடம் என்று பெரிதாக எதுவும் தேவையில்லை. கதவு சாத்தக்கூடிய ஒரு சிறு அறை, ஓர் அட்டைப்பெட்டி, பழைய துண்டு, மணல் நிரப்பிய தட்டு, தண்ணீர்க் கிண்ணம் போதும். ஜன்னலுக்கு வலை கட்டாயம். நோயாளிப் பூனையும் நான்காம் மாடியிலிருந்து தாவத் தயங்காது. வீட்டில் வேறு பூனை இருந்தால் இரண்டு வாரமாவது சேரவிடக் கூடாது. தட்டும் தனி, துண்டும் தனி.

முதல் இரண்டு நாள் அது பெட்டியை விட்டு வராது. வராமலிருக்கட்டும். குழந்தைகள் கூடி நின்று "மியாவ்" என்று அழைப்பது அதற்குச் சிகிச்சையாகாது. சமையலறைத் தராசில் தினம் ஒருமுறை நிறுத்து, எடையை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். தின்றது, சிறுநீர் கழித்தது, மலம் போனது எல்லாமே அதில் இருக்கட்டும். மருத்துவர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அந்த நோட்டே விடை சொல்லும்.

மாத்திரை கொடுப்பது தனிக் கலை. பூனையைத் துண்டில் கழுத்துவரை சுற்றி, மாத்திரையை நாக்கின் அடியோரம் வைத்து வாயை மூடி, பின்னாலேயே சிறிது தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சால் வாயின் பக்கவாட்டில் செலுத்த வேண்டும். ஜலதோஷத்துக்கு அடிக்கடி எழுதிக் கொடுக்கப்படும் டாக்சிசைக்ளின் மாத்திரை வறண்ட உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கே புண்ணாகிக் குழாயே சுருங்கிவிடும். பூனையை மல்லாத்திப் போட்டு ஊற்றினால் நீர் நுரையீரலுக்குப் போகும்.

பூனையின் இயல்பான உடல் வெப்பமே 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். நம் கைக்குச் சுடுகிறதே என்று குரோசினைப் பொடித்துக் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமாலை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்குக் கிடையாது. ஒரே மாத்திரை உயிரைக் குடிக்கும். தரையில் ஃபினாயில் தெளிப்பதும் அப்படித்தான். பாதத்தில் ஒட்டியதைப் பூனை நக்கியே தீரும்.

வாந்தியும் பேதியுமாகக் குட்டி துவண்டு கிடந்தால் பான்லூகோபீனியாவாக இருக்கலாம். தடுப்பூசி போடாத குட்டிகளைக் கூண்டோடு வாரிக்கொண்டு போகும் நோய் இது. இதன் கிருமி தரையிலும் துணியிலும் ஓராண்டு வரைகூடத் தங்கும், சாதாரண சோப்புக்கு அசையாது. ஒரு பங்கு ப்ளீச்சுடன் முப்பது பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவினால்தான் போகும். அதன் பிறகும் தடுப்பூசி போடாத வேறு குட்டியை அந்த அறைக்குக் கொண்டுவர வேண்டாம். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும், ஆண் பூனை மணல் தட்டில் முக்கி முக்கிச் சிறுநீர் வராமல் தவித்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது.

வீட்டாரையும் காத்துக்கொள்ள வேண்டும். கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரைக் கண்டு வெறிநாய்க்கடிக்கான தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். கர்ப்பிணிகள் மணல் தட்டைத் தொடாமல், மற்றவர் அதைத் தினமும் சுத்தம் செய்வது நல்லது.

இனி, அனுப்புவது. செலவு யாருடையது, எத்தனை நாள், பிறகு எங்கே என்பதைப் பூனை வாசற்படி ஏறுமுன்பே ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்வது உத்தமம். இல்லாவிட்டால் கொண்டுவந்து விட்டவர் தொலைபேசியை எடுக்கமாட்டார். வளர்ந்த தெருப்பூனையைக் கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வேறிடத்தில் விட்டால் அங்குள்ள பூனைகள் நிற்கவிடா, உணவிருக்கும் இடமும் அதற்குத் தெரியாது. பட்டினி கிடந்து தவிக்கும்படி ஒரு பிராணியைக் காரணமின்றிக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். மனிதரோடு பழகிய குட்டியானால் நல்ல வீடு தேடலாம்.

புதிய வீட்டாரிடம் மருத்துவச் சீட்டுகளையும் அந்த நோட்டையும் கொடுங்கள். ஜலதோஷம் வந்த பூனைகள் பலவற்றில் அந்தக் கிருமி உள்ளேயே தங்கியிருந்து, மிரட்சி ஏற்படும்போது மீண்டும் தும்மல் தொடங்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள். இடமாற்றமே ஒரு மிரட்சிதான். அந்தப் பழைய துண்டைத் துவைக்காமல் பெட்டிக்குள் போட்டு அனுப்புங்கள். தன் வாடை உள்ள துணி கூட இருந்தால் புது இடத்தில் பூனை சீக்கிரம் சாப்பிடத் தொடங்கும்.