பாட்டுக்கு ஒரு வெளியாள் காது

“அண்ணா, பாட்டு ரெடி. மாஸ்டரிங்கை சாஃப்ட்வேர்லயே போட்டுக்கலாமா, இல்ல பெங்களூரு ஸ்டூடியோவுக்குக் குடுக்கணுமா?”

ஜவளகிரியில் என் வீட்டுக்கு வருகிறவர்கள், கொடுத்த டீ ஆறுவதற்குள் இதைக் கேட்டுவிடுவார்கள். பெரும்பாலும் ஓசூர் சிப்காட் கம்பெனிகளில் ஷிஃப்ட் பார்க்கிற பிள்ளைகள். அம்மன் பாட்டு, சர்ச் பாட்டு, ராப் என்று ஆளுக்கொன்று எழுதி வைத்திருப்பார்கள். தமிழில் தொடங்கும் பாட்டு நடுவில் கன்னடத்துக்கோ தெலுங்குக்கோ போய்வரும். எல்லையோர ஊரில் பேச்சே அப்படித்தான். நானும் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் வீட்டு அறையில் பாட்டு பதிவு செய்து கொடுக்கிறவன். சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசை எதில் போடுவது என்பதுதான் அவர்கள் உண்மையில் கேட்பது. நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: முதல் காசு பதிவு செய்யும் அறைக்கு, அடுத்த காசு வேறொருவரின் காதுக்கு. சாஃப்ட்வேருக்குக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

மிக்ஸிங்கையும் மாஸ்டரிங்கையும் ஒரே வேலையாக நினைப்பதில் குழப்பம் ஆரம்பிக்கிறது. ஒரு பாட்டில் குரல், கோரஸ், கீபோர்டு, பம்பை, பேஸ் எல்லாம் தனித்தனி டிராக்காக இருக்கும். எது முன்னால் நிற்க வேண்டும், எது பின்வாங்க வேண்டும், எது இடக் காதில், எது வலக் காதில், எந்த அதிர்வெண்ணைக் குறைத்தால் சொல் தெளியும் என்று முடிவு செய்து எல்லாவற்றையும் இரண்டு சேனலில் அடக்குவது மிக்ஸிங். அப்படி அடங்கிய ஒரே ஃபைலை வாங்கி, மொத்த ஒலியின் சமநிலையையும் சத்தத்தின் அளவையும் சரிபார்த்து, போனிலும் காரிலும் பந்தலிலும் பாட்டு குலையாமல் கேட்கும்படி செய்வது மாஸ்டரிங். மிக்ஸில் குரல் அமுங்கிப்போயிருந்தால் மாஸ்டரிங்கில் குரலை மட்டும் பிரித்துத் தூக்குவது மிகவும் கஷ்டம். அதே அதிர்வெண்ணில் இருக்கும் கீபோர்டும் கூடவே ஏறி வந்துவிடும்.

சாஃப்ட்வேர் இன்றைக்கு யாருக்கும் தடையில்லை. ஆடாசிட்டி இலவசம். பேண்ட்லேப் போனிலேயே ஓடும், அடிப்படை வசதிகளுக்குக் காசு கிடையாது. ரீப்பரை 60 நாள் முழு வசதியோடு ஓட்டிப் பார்க்கலாம். பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். அதோடு கூடவே வரும் ஈக்யூ, கம்ப்ரசர், ரிவெர்ப் ஆகியவற்றை வைத்தே ஒரு நல்ல பாட்டை முடிக்கலாம். மாதத் தவணையில் பிளகின் வாங்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அந்தக் காசுக்கு ஒரு நல்ல மைக்கும் நான்கு பழைய இலவம்பஞ்சு மெத்தையும் வாங்கியிருக்கலாம்.

மெத்தை என்று சொன்னது விளையாட்டுக்கு அல்ல. எங்கள் ஊர்ப் பக்கத்து வீட்டு அறை என்றால் பத்துக்குப் பன்னிரண்டு அடி, சிமென்ட் பூசிய சுவர், டைல்ஸ் தரை. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். பத்தடிச் சுவர்களுக்கு நடுவே அது முட்டித் திரும்பும்போது 56 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு அலை அப்படியே நின்றுவிடும். அதன் இரட்டிப்பான 112-லும் இன்னொன்று நிற்கும். அறையின் நடுவில் உட்கார்ந்து கேட்டால் அந்த 56 காணாமல் போகும், சுவரோரம் போனால் மொத்தமாகக் குமுறும். நடுவில் உட்கார்ந்து மிக்ஸ் செய்கிறவர் பேஸ் பத்தவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவார். அந்தப் பாட்டைக் காரில் போட்டால் கதவு அதிரும். எந்தச் சாஃப்ட்வேரிலும் இதற்கு முழு வைத்தியம் கிடையாது, ஏனென்றால் கோளாறு ஃபைலில் இல்லை, கேட்கிற இடத்தில் இருக்கிறது. மெத்தை குரலின் எதிரொலியைக் குடித்துவிடும். ஆனால் இந்தக் கீழ்ச்சுரக் குமுறலுக்கு அது போதாது. கனமான ராக்வூல் பலகையை மூலைகளில் நிறுத்த வேண்டும்.

பிறகு வெளிச் சத்தம். பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் ஜவளகிரிக் காட்டுக்கு இறங்குவதும், ராகி விளைகிற பருவமும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். காவலுக்கு இருப்பவர்கள் ராத்திரியில் பட்டாசு வெடிப்பார்கள். ஒரு பாடகி நீளமாக இழுத்து நிறுத்தும் சுரத்துக்கு அடியில் தூரத்து வெடி ஒன்று விழுந்துவிட்டால், சத்தம் நீக்கும் சாஃப்ட்வேர் அதை எடுக்கும்போது குரலின் சதையிலும் கொஞ்சம் எடுத்துவிடும். மின்விசிறி இரைச்சல் மாதிரி ஒரே சீராக ஓடும் சத்தத்தை அதனால் நன்றாகவே நீக்க முடியும். திடீர்ச் சத்தம் அப்படியல்ல. இன்னொரு முறை பாடச் சொல்வதே மேல். கரண்டு கம்பியிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தையும் பதிவின்போதே தவிர்ப்பதுதான் மேல்: எர்த் சரியாக இருக்கிறதா பாருங்கள், பதிவு செய்யும் நேரம் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். சுத்தமாகப் பதிவான குரல் மிக்ஸிங் வேலையைப் பெரிதும் குறைத்துவிடும்.

வீட்டில் செய்தது எடுபடுமா என்று தயங்குகிறவர்களுக்கு நான் கோடம்பாக்கத்தைக் காட்டுவேன். ஏ.ஆர்.ரஹ்மான் 1989-ல் தன் வீட்டை ஒட்டி பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஸ்டூடியோவைக் கட்டினார். 1992-ல் ‘ரோஜா’ வந்தது. ஆனால் அந்த வீட்டு ஸ்டூடியோவில் அவர் ஒற்றை ஆளாக எல்லாவற்றையும் செய்து முடிக்கவில்லை. எச்.ஸ்ரீதர் என்ற ஒலிப்பொறியாளர் அவரோடு பல படங்களில் உழைத்தார். ‘தில் சே’, ‘லகான்’, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படங்களின் ஒலிப்பதிவுக்காகத் தேசிய விருது வாங்கியவர், 2008 டிசம்பரில் காலமானார். பாட்டுக் கேட்கிறவர்களில் அவர் பெயர் தெரிந்தவர்கள் குறைவு என்பதில் எனக்குத் தீராத வருத்தம் உண்டு.

லாஸ் ஏஞ்சலஸ் கதையும் இதுதான். ஃபினியஸ் என்ற அண்ணன், வீட்டுப் படுக்கையறையில் லாஜிக் ப்ரோவை வைத்துக்கொண்டு தங்கை பில்லி ஐலிஷுக்குப் பதிவு செய்த ஆல்பம் 2019-ல் வெளியானது. 2020 கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற விருதோடு, ஒலிப்பொறியியலுக்கான விருதும் அதற்குக் கிடைத்தது. படுக்கையறையைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறது. அந்தப் படுக்கையறைப் பதிவை வாங்கி மிக்ஸ் செய்தவர் ராப் கினெல்ஸ்கி, மாஸ்டரிங் செய்தவர் ஜான் கிரீன்ஹாம், இரண்டு பேரும் தொழில்முறை ஆட்கள் என்பதைச் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு.

அந்த வெளியாள் காது என்னதான் செய்துவிடும்? தளிப் பக்கத்துத் தம்பி ஒருவன் மாரியம்மன் பாட்டு ஒன்று கொண்டுவந்தான். பம்பைக்கு இரண்டு மைக் வைத்து, ஒன்றை இடக் காதிலும் மற்றதை வலக் காதிலும் விட்டிருந்தான். ஹெட்போனில் கேட்டால் பம்பை தலையைச் சுற்றி நின்றது, அவனுக்கு அவ்வளவு பூரிப்பு. மிக்ஸிங்குக்காக பெங்களூருவில் எனக்குப் பழக்கமான பொறியாளருக்கு அனுப்பினோம். அவர் பாட்டை முழுதாகக்கூடக் கேட்கவில்லை, போனில் கூப்பிட்டார்.

“பம்பைக்கு ரெண்டு மைக்கா வச்சீங்க? ஒண்ணு கொஞ்சம் தள்ளி இருந்துச்சா?”

“ஆமா சார், ஒரு அடி தள்ளி இருந்திருக்கும்” என்றான் தம்பி.

“மோனோல போட்டுக் கேளுங்க.”

இரண்டு சேனலையும் ஒன்றாக்கிக் கேட்டோம். பம்பையின் கனம் போய்விட்டது. தகரத்தில் தட்டியது போல் இருந்தது. காரணம் எளிய கணக்கு. ஒரு அடிக்குக் கொஞ்சம் கூட, 34 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால், அந்த மைக்குக்கு ஒலி ஒரு மில்லி விநாடி தாமதமாகப் போய்ச் சேரும். 500 ஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு மில்லி விநாடி என்பது சரியாக அரைச் சுற்று. ஒரு மைக்கில் அலை மேலே ஏறும்போது மற்றதில் கீழே இறங்குகிறது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். 1500-லும் 2500-லும் இதே அழிவு நடக்கும். அவர் தாமதமான டிராக்கை ஒரு மில்லி விநாடி முன்னால் இழுத்தார், பம்பை திரும்ப வந்தது. ரீப்பரில் நாங்களே செய்திருக்கக்கூடிய வேலைதான். செய்ய வேண்டும் என்று அவர் காதுக்குத்தான் தெரிந்தது.

இதை நான் ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்றால், எங்கள் ஊரில் பாட்டு பெரும்பாலும் மோனோவில்தான் கேட்கப்படுகிறது. திருவிழாவில் சவுண்டு சர்வீஸ்காரர் மரத்தில் ஏற்றிக் கட்டும் குழாய் ஸ்பீக்கருக்கு இடம், வலம் கிடையாது. சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் பெரிதாக எதுவும் வராது. ஹெட்போனில் நெஞ்சை அதிரவைத்த பேஸ் அங்கே இருக்கவே இருக்காது. பாட்டைத் தாங்கி நிற்பது குரலும் தாளமும் மட்டும். ஆகவே அம்மன் பாட்டு செய்கிறவர் ஹெட்போனுக்காக மட்டும் மிக்ஸ் செய்யக் கூடாது. மோனோ பொத்தானை அழுத்தி, 300-க்குக் கீழே வெட்டிவிட்டு, அப்படியும் பாட்டு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது சத்தப் போட்டி. பக்கத்து ஊர்ப் பாட்டைவிட நம் பாட்டு சத்தமாக இருக்க வேண்டும் என்று லிமிட்டரை முறுக்கி, அலைவடிவத்தைச் செங்கல் மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் எல்லாப் பாட்டையும் சுமார் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) என்ற அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கச் செய்கிறது. மைனஸ் 6-க்கு முறுக்கிய பாட்டை அது 8 டெசிபல் இறக்கிவிடும். சத்தம் போனது போனதுதான். முறுக்கியதில் நசுங்கிய தாளமும் திரும்பி வராது.

தானியங்கி மாஸ்டரிங் பற்றியும் கேட்பார்கள். 2014-ல் வந்த லேண்டர், ஐசோடோப்பின் ஓசோனில் இருக்கும் உதவியாளர், இப்படிப் பல உண்டு. பாட்டைக் கொடுத்தால் அதன் அதிர்வெண் பரவலையும் சத்தத்தையும் அளந்து, தனக்குத் தெரிந்த சராசரிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தும். மிக்ஸ் நன்றாக இருந்தால் முடிவும் நன்றாகவே வரும். நண்பர்களுக்கு அனுப்பவும் யூடியூபில் ஏற்றிப் பார்க்கவும் தாராளமாகப் போதும். ஆனால் பம்பைக்கு எத்தனை மைக் வைத்தீர்கள் என்று அது போன் போட்டுக் கேட்காது. குரலில் வேண்டுமென்றே விட்டிருக்கும் கரகரப்பைக் குறை என்று எண்ணி வழித்துவிடவும் கூடும்.

ஆகவே நான் பிள்ளைகளிடம் இப்படிப் பிரித்துச் சொல்வேன். பழகுவதற்காகச் செய்யும் பாட்டு என்றால் பதிவு, மிக்ஸ், மாஸ்டர் மூன்றையும் நீங்களே செய்யுங்கள். அப்படிச் செய்யாமல் காது வளராது. ஊர்க்கோயிலுக்கோ சர்ச்சுக்கோ வருஷா வருஷம் ஒலிக்கப்போகிற பாட்டு, நாலு பேர் காசு போட்டு எடுத்த பாட்டு என்றால் மிக்ஸை வெளியே கொடுங்கள். இரண்டுக்கும் கட்டுப்படியாகாது, ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் மாஸ்டரிங்கை விட்டுவிட்டு மிக்ஸுக்குக் கொடுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: சரியில்லாத மிக்ஸை நல்ல மாஸ்டரிங் ஆளிடம் கொடுத்துவிட்டு, அவர் ஏதாவது அற்புதம் செய்வார் என்று காத்திருக்கிறார்கள்.

கொடுக்கும்போது ஒழுங்காகக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு டிராக்கையும் தனி வேவ் ஃபைலாக, 24 பிட்டில், எல்லாம் பாட்டின் பூஜ்ஜியத்திலிருந்தே தொடங்கும்படி எடுங்கள். எம்பி3 வேண்டாம். ஃபைலின் பெயரில் ‘குரல்’, ‘பம்பை இடம்’ என்று எழுதிவிடுங்கள். நீங்கள் போட்ட ரிவெர்ப் இல்லாமல் ஒரு குரலும், ரிவெர்ப்போடு ஒரு குரலும் அனுப்புங்கள். பாட்டு வரிகளை அர்த்தத்தோடு எழுதி அனுப்புவது எங்கள் பக்கத்தில் மிக முக்கியம். பெங்களூருப் பொறியாளருக்குத் தமிழ் அரைகுறையாக இருக்கலாம். சாமியைக் கூப்பிடும் சொல் எது, வெறும் நிரப்புச் சொல் எது என்று தெரிந்தால்தான் எதற்கு இடம் விடுவது என்று அவர் முடிவு செய்வார்.

எத்தனை முறை திருத்தித் தருவார், அதற்குத் தனிக் காசா என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள். மிக்ஸ் வந்ததும் அன்றைக்கே பதில் சொல்லாதீர்கள். ஒரு நாள் காதை ஆறவிட்டு, போனில் ஒருமுறை, பஸ்ஸில் ஒருமுறை, வீட்டு டிவியில் ஒருமுறை கேளுங்கள். திருத்தம் கேட்கும்போது “ஃபீல் வரல சார்” என்று அனுப்பினால் அவரால் எதுவும் செய்ய முடியாது. “1 நிமிஷம் 12-வது விநாடியில் ‘தாயே’ என்ற சொல்லைக் கீபோர்டு மூடுது” என்று எழுதுங்கள். அதை அவர் ஐந்து நிமிடத்தில் சரி செய்து அனுப்பிவிடுவார்.